விஷக்கடியும் வைத்தியமும்

விஷக்கடிக்கு மருந்து சொல்லத் தெரிந்தவர் ஒருவரேனும் இல்லாத கிராமம் முற்காலத்தில் நம் நாட்டில் இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான். பச்சிலை அரைத்துக் கொடுப்பவர், வேப்பிலை அடித்து மந்திரிப்பவர், கடிவாயில் கல்லை ஒட்டவைத்து அது தானாக விழும்வரை காத்திருப்பவர், வேப்பிலையையும் மிளகையும் மெல்லக் கொடுத்து, கசப்பும் காரமும் தெரிகின்றனவா என்று கேட்டு விஷத்தின் அளவை நிர்ணயிப்பவர் என்று இவர்களில் பல வகையினர் உண்டு. ரயிலும் தந்தியும் வந்தபிறகு இந்த வித்தையும் காலத்தோடு நடைபோட்டது. சென்னை ராஜதானியின் தெலுங்குப் பகுதியில் ஒரு சிறிய ரயில் நிலையத்தின் அதிகாரி, எந்த ஊரிலிருந்து பாம்புக்கடிச் செய்தி தந்தியில் வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே மந்திரம் சொல்லி விஷத்தை இறக்கிவிடுகிறார் என்று பெரும் பிரசித்தி பெற்றிருந்தார். இவர்களையெல்லாம் மோசக்காரர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அவர்களில் பலர் கூலி வாங்காதவர்கள், வாங்கினால் மந்திரம் பலிக்காது என்று மெய்யாகவே நம்பியவர்கள், நடுநிசியில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வந்தவர்கள். அதைவிட முக்கியமான விஷயம், அவர்களை நாடிப் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்தே போனார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்கவேண்டும். இந்தியாவிலுள்ள 300க்கு மேற்பட்ட பாம்பினங்களில் விஷமுள்ளவை ஏறக்குறைய 60. அவற்றிலும் ஒரு பகுதி கடலில் வாழ்பவை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி முதலிய மற்றவற்றால் உயிருக்கு அபாயமில்லை. தன்னால் கடிபட்டவன் சிதையில் எரியும் புகையை மரமேறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று ஊரெல்லாம் அஞ்சுகிற கொம்பேறிமூக்கன்கூட அந்தச் சாதுக்களில் ஒன்றுதான். இதுமட்டுமன்று. மெய்யாகவே விஷமுள்ள பாம்பு கடிக்கும்போதும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. அச்சுறுத்தி விரட்டுவதற்காகக் கடித்துவிட்டு விஷத்தைத் தன் இரைக்கென்று வைத்துக்கொள்ளும் கடிகள் பல. ஆகவே இருட்டில் எது கடித்தது என்று தெரியாமல் அலறிக்கொண்டு வருகிறவனுக்கு எந்த இலையைக் கொடுத்தாலும், எந்த மந்திரத்தை ஓதினாலும், ஒன்றுமே செய்யாமல் திண்ணையில் உட்கார வைத்திருந்தாலும், அவன் விடியற்காலையில் எழுந்து வீடு போய்ச் சேருவதற்கே அதிக நியாயம் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அந்தக் கணக்கில் சேர்ந்த புகழ் இது. பிழைத்தவன் வைத்தியரின் பெருமையைப் பத்து ஊருக்குச் சொல்வான். இறந்தவனுக்கோ விதி முடிந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பாம்பே தேடிக்கொடுத்த இந்தக் கீர்த்தியில் மந்திரவாதிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு சீமை மருத்துவருக்கும் நெடுங்காலம் இருந்தது என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

சோழமண்டலக் கரையில் இந்த ஆராய்ச்சியை முறையாகத் தொடங்கியவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர். சிரியாவில் அலெப்போ நகரத்தில் கொள்ளைநோய்க்கு வைத்தியம் செய்து பெயரெடுத்த அவர், தம் சகோதரருடன் 1781இல் விசாகப்பட்டணத்துக்கு வந்து, கேனிக் என்ற தாவர சாஸ்திரி 1785இல் காலமானபோது அவருடைய ஸ்தானத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூலறிஞராக அமர்ந்தார். வந்த இடத்தில் அவரைத் திகைக்க வைத்தது பாம்புகளின் தொகையன்று. எது விஷமுள்ளது, எது அல்லாதது என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை என்பதே. இதை அறிந்து கொள்ளாதவரையில் எந்த மருந்தின் பலனையும் அளவிட முடியாது என்பதைக் கண்டுகொண்டது அவருடைய பெரிய தெளிவு. கரையோரமெங்கும் பாம்புகளைச் சேகரித்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, செதில்களை எண்ணி, நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு அவற்றின் முடிவைக் குறித்து, 1796இல் வர்ணப் படங்களோடு ஒரு பெருநூலை லண்டனில் வெளியிட்டார். கண்ணாடி விரியனைத் தெலுங்கர் வழங்கிய பெயராலேயே அதில் வர்ணித்து, நல்ல பாம்புக்கு அடுத்தபடி அஞ்சத்தக்கது இதுவே என்று எழுதினார். மறுவருஷமே அந்த விரியனுக்கு விஞ்ஞான உலகம் ரஸ்ஸலின் பெயரைச் சூட்டிவிட்டது.

அக்காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று வெள்ளைக்காரரிடையேயும் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம் சேர்த்து உருட்டிய அந்த மாத்திரையை நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் சஞ்சீவி என்று கம்பெனி உத்தியோகஸ்தர்களும் நம்பினார்கள். ரஸ்ஸல் அதையும் பரீட்சித்துப் பார்த்தார். புகழுக்கு ஏற்ற பலன் ஒன்றும் தெரியவில்லை. பாஷாணம் தின்று பிழைத்தவன் உண்மையில் இரண்டு விஷங்களிலிருந்து தப்பியவன் என்று சொல்ல இன்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் மாத்திரையின் மகிமை அவருடைய பரீட்சையால் குன்றிவிடவில்லை. நம்பிக்கைக்கும் பரீட்சைக்கும் நடக்கிற வழக்கில் முதல் தீர்ப்பு எப்போதும் நம்பிக்கையின் பக்கமே.

ரஸ்ஸலுக்குப் பிறகு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. 1872இல் கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராயிருந்த ஜோசப் ஃபேரர், அந்நகரத்துச் சித்திரப் பள்ளி மாணாக்கர்கள் தீட்டிய அழகிய படங்களோடு இந்தியாவின் கொடிய பாம்புகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் திரட்டிய கணக்கில், 1869ஆம் வருஷத்தில் மட்டும் தமக்கு விவரம் கிடைத்த மாகாணங்களில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 11,416 பேர். இந்தக் கணக்கு சர்க்காரை உலுக்கியது. பாம்பைக் கொன்று கொண்டுவருகிறவர்களுக்கு வெகுமதி கொடுக்கும் திட்டம் பல ஜில்லாக்களில் நடந்தது; பாம்பு குறைந்ததாகத் தெரியவில்லை, பொக்கிஷந்தான் குறைந்தது. ஃபேரர் தாமே ஒவ்வொரு மருந்தாகப் பிராணிகளிடம் பரீட்சித்து, ஒன்றும் பயன்படாது என்று ஒப்புக்கொண்டவர். ஆயினும், கடிபட்ட அங்கத்தை மேலே இறுகக் கட்டு, கடிவாயை அறுத்துவிடு, நெருப்பால் சுடு என்று அவர் கூறிய முறைகள் கிராமத்து முறைகளைவிடக் கொடியனவேயன்றி மேலானவையல்ல.

இந்த விஷயத்தில் ஒளி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1891இல் இந்தோசீனாவில் பாக்லியூ என்னும் ஊரில் வெள்ளம் புகுந்தபோது நல்ல பாம்புகள் வீடுகளுக்குள் ஏறி நாற்பது பேரைக் கடித்தன; அவர்களில் நால்வர் இறந்தார்கள். (நாற்பதில் முப்பத்தாறு பேர் மருந்தில்லாமலே பிழைத்தார்கள் என்பதை வாசகர் கவனித்திருப்பார். அங்கே ஒரு மந்திரவாதி இருந்திருந்தால் முப்பத்தாறும் அவர் கணக்கில் ஏறியிருக்கும்.) பிடிபட்ட பாம்புகளை ஒரு பீப்பாயில் அடைத்து, ஸைகோனில் பாஸ்டர் ஆராய்ச்சிச் சாலையை நிறுவியிருந்த ஆல்பெர்ட் கால்மெட் என்ற இளம் பிரெஞ்சு வைத்தியரிடம் அனுப்பினார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகப் பிராணிகளின் உடலில் ஏற்றி, அதைத் தாங்கும் சக்தியை அவற்றுக்கு உண்டாக்கி, பிறகு அவற்றின் ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்தெடுத்து மருந்தாக உபயோகிக்கலாம் என்று அவர் 1894இல் காட்டினார். அதே வருஷத்தில் பாரிஸில் ஃபிஸாலி, பெர்த்ரான் என்ற இருவரும் தனியாகவே இம்முடிவை அடைந்தார்கள். மனிதன் ஆயிரமாயிரம் வருஷமாகத் தேடிய மருந்து காட்டிலோ மலையிலோ இல்லை, பாம்பின் பல்லடியிலேயே இருந்தது.

கால்மெட்டுக்கு ஒரு குறை உண்டு. நல்ல பாம்பின் விஷத்தால் செய்த தம் மருந்து எல்லாப் பாம்புக்கும் ஆகும் என்று அவர் எண்ணினார். பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ வைத்தியர் அதைச் சோதித்து, கண்ணாடி விரியன் விஷத்தின்முன் அந்த மருந்து சற்றும் நிற்கவில்லை என்று காட்டினார். பிரேஸில் நாட்டில் வைட்டல் பிரேஸில் என்பவரும் தம் நாட்டுப் பாம்புகளைக்கொண்டு இதையே ஸ்தாபித்தார். எந்தப் பாம்பின் விஷமோ அந்தப் பாம்பின் விஷத்தால் ஆன மருந்தே வேண்டும் என்ற இந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவர்களும் முழுவதும் உணர்ந்திருக்கமாட்டார்கள். அதைப் பின்னால் பார்ப்போம். இதன்படி கசௌலியில் நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்குமாக மருந்து தயாராகி, பிறகு கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் சேர்ந்து, நான்கு விஷத்துக்கும் பொதுவான ஒரே மருந்து பம்பாய் ஹாஃப்கின் ஆராய்ச்சிச் சாலை முதலிய இடங்களில் உருவாயிற்று.

மருந்து உண்டாகிவிட்டதே, இனிப் பழைய முறைகள் ஒழிந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில்லாத ஊர்களுக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் 1904ஆம் ஆண்டு வாக்கில் லெனார்ட் ராஜர்ஸ் என்பவர் பொட்டாஸியம் பெர்மாங்கனேட் சிகிச்சையைப் பிரசாரம் செய்தார். லாடர் பிரண்டன் என்ற வைத்தியர் யோசித்த ஒரு சிறு கருவியில், ஒரு புறம் கூரிய கத்தியும் மறுபுறம் மரக்கூட்டில் அந்த ஊதா உப்பும் இருக்கும். கடிவாயைக் கீறி உப்பை உள்ளே வைத்துத் தேய்க்கவேண்டியது. அது அற்ப விலைக்கு விற்கப்பட்டு, அதிகாரிகளின் பையிலும் தோட்டத் துரைகளின் மேஜையிலும் இடம்பெற்றது. கண்ணாடிக் குழாயில் விஷத்தையும் உப்பையும் கலந்தால் விஷம் அழிவது மெய்தான். ஆனால் சதைக்குள் பரவிவிட்ட விஷத்தை உப்பு எட்டிப்பிடிப்பதில்லை, சதையைத்தான் எரிக்கிறது. பிற்காலப் பரிசோதனைகள் இதை ஐயமற நிரூபித்தபிறகும் அந்தக் கத்தி பல தலைமுறை பிழைத்திருந்தது. தாயத்து, கல், மாத்திரை, கத்தி ஆகிய எல்லாவற்றுக்கும் சாட்சி சொன்னவர்கள், விஷமேறாத கடியிலிருந்து பிழைத்தவர்களே.

இவ்வளவு பெயர்களையும் சொல்லிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கமுடியாது. மருந்துக்கு விஷம் வேண்டும்; விஷத்துக்குப் பாம்பு வேண்டும்; அந்தப் பாம்பைப் பிடித்தது யார்?

செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களில் வாழும் இருளர், ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் வில்லியர் என்றும் காணப்படுபவர்கள், தேனும் கிழங்கும் விறகும் சேகரித்துக் காட்டையே நம்பியிருந்தவர்கள். 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்துக்குப்பின் காடு சர்க்காருக்குச் சொந்தமாகிவிடவே, வயலில் எலி பிடித்துக் கூலி பெறுவதும் பாம்பு பிடிப்பதும் அவர்களுடைய ஜீவனத்தில் பெரும்பங்கு பெற்றன. வரப்பில் உள்ள ஒரு வளையைப் பார்த்து, வாசலில் மண் வழவழப்பாயிருக்கிறதா, சிலந்தி நூல் அறுந்திருக்கிறதா, சட்டை உரிந்து கிடக்கிறதா, எச்சம் எப்படியிருக்கிறது என்பவற்றால், உள்ளே எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது, இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடும் வித்தை அவர்களுடையது. கடப்பாரையும் ஒரு கோலும் துணிப்பையுமே ஆயுதம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி அவர்கள் வழிபடுகிற கன்னியம்மாவுக்கும் நாகத்துக்கும் உள்ள சம்பந்தம் அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் பயபக்தியோடு பாம்பை நோக்குகிற பிறரைப்போல் அவர்கள் அதைக் கண்டு ஓடுவதுமில்லை, அடித்துக் கொல்வதையே வீரமாக நினைப்பதுமில்லை.

இவ்வளவு அருமையான அறிவை இருபதாம் நூற்றாண்டு முதலில் எதற்கு உபயோகித்தது என்றால், சீமைச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் காலணிக்கும் தோல் உரிப்பதற்கு. பாம்புத்தோல் ஏற்றுமதியில் சென்னை ஒரு பெருஞ்சந்தையாயிற்று. சாரையும் நல்ல பாம்பும் விரியனும் லட்சக்கணக்கில் மடிந்தன. வியாபாரி மாளிகை கட்டினான், பிடித்துக் கொடுத்த இருளர் குடிசையிலேயே இருந்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி அடியோடு நின்றது. சட்டம் நியாயமானதே. ஆனால் அதன் பசி வியாபாரியின் வயிற்றில் விழவில்லை. நேற்றுவரை தொழிலாயிருந்தது இன்று குற்றமாகிவிட, வேறு தொழிலறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் என்ன செய்யவேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

எழுதாத அந்த வரியை நிரப்பியதில், கிண்டியில் 1972முதல் நிலைபெற்ற பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகருக்கு முக்கியப் பங்கு உண்டு. அமெரிக்காவில் பிறந்து, மையாமியில் பாம்புவிஷம் எடுக்கும் பண்ணை ஒன்றில் வேலை கற்று, இந்தியாவையே தாய்நாடாக ஏற்றுக்கொண்ட அவர், பாம்பைப் பற்றித் தாம் அறிந்ததில் மேலானது இருளரிடம் கற்றதே என்று சொல்லத் தயங்காதவர். தோலுக்காகக் கொல்வதற்குப் பதில் விஷத்துக்காகப் பிடித்து மறுபடி விட்டுவிட்டால் என்ன என்ற யோசனையின் பயனாக, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது இன்றும் நடைபெறுகிறது. வனத்துறையின் அனுமதியோடு, எந்தப் பாம்பு எத்தனை என்று வரையறுத்தே பிடிக்கிறார்கள். அடியில் மணல் பரப்பிய மண்பானையில் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கச் செய்து, வாரத்துக்கு ஒருமுறையாகச் சில வாரங்கள் விஷம் எடுக்கிறார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளம் ஆறாதிருக்கும்வரை அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் தொடமாட்டார்கள். குளிரில் உறையவைத்து உலர்த்திய விஷம் வெல்லப்பொடிபோல் இருக்கும். அது மருந்துச் சாலைகளுக்குப் போய், குதிரைகளின் ரத்தத்தில் முறிமருந்தாக மாறுகிறது. இந்திய நாட்டு முறிமருந்தின் பெரும்பகுதிக்கு மூலமான விஷம் இந்தச் சிறிய சங்கத்தின் பானைகளிலிருந்து போனதுதான். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்க ப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மா மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள்; 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்து இப்படிக் கிடைத்தபின் விஷக்கடி வைத்தியம் முழுவதும் தலைகீழாயிற்று. முன்னோர் செய்யச் சொன்னவையெல்லாம் இன்று செய்யக்கூடாதவற்றின் வரிசையில் நிற்கின்றன. இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று அங்கம் அழுகும்; கட்டை அவிழ்த்த க்ஷணத்தில் தேங்கிய விஷம் பாயும். அறுத்தால், ரத்தம் உறையவிடாத விரியன் விஷத்தில் உதிரம் நிற்காது. வாயால் உறிஞ்சுவதால் வெளிவருவது ஒன்றுமில்லை. மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ ஒடிந்த எலும்புக்குச் செய்வதுபோல் அசையாமல் பிணைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, முறிமருந்து உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ப்பது ஒன்றே முதலுதவி. பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போவது நேரத்தையும், சில சமயம் இன்னொரு உயிரையும் வீணாக்குவது. எந்தப் பாம்பென்று தெரியாவிட்டாலும் வைத்தியருக்கு வழி உண்டு: ரத்தக்குழாயிலிருந்து எடுத்த சிறிது ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார், உறையாமல் வழிந்தால் விரியன். இமை சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சுத் திணறினால் நல்ல பாம்போ கட்டுவிரியனோ. கட்டுவிரியன் விஷயத்தில் விசேஷ எச்சரிக்கை வேண்டும். இரவில் தரையில் உறங்குகிறவர்களைக் கடிக்கும் அது வீக்கமோ வலியோ பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. வயிற்று வலி என்று எழுந்தவர் விடிவதற்குள் கண் திறக்கமாட்டாமல் கிடப்பார். கயிற்றுக் கட்டிலும், பாயின் அடியில் ஓரம் செருகிய கொசுவலையும் எந்தப் பச்சிலையையும்விட அதிகம் பேரைக் காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வரப்பில் இருட்டில் நடப்பவருக்குக் கைவிளக்கும் செருப்பும், வீட்டைச் சுற்றி எலி சேராதபடி தானியத்தையும் விறகையும் ஒழுங்குபடுத்துவதும் அதே வகையைச் சேர்ந்தவை.

இத்தனைக்குப் பிறகும், 2000முதல் 2019வரையிலான இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே மாண்டவர்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024இல் பாம்புக்கடியை, அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாக்கியது.

லாம்ப் கண்ட விதி எவ்வளவு தூரம் செல்லும் என்று முன்பு கேட்டோம். பாம்புக்குப் பாம்பு மட்டுமன்று, ஒரே பாம்பினத்திலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் விஷம் வேறுபடுகிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. இலங்கை நெடுங்காலமாக இந்திய முறிமருந்தையே தருவித்து வருகிறது. அங்குள்ள கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் கெடுவதோடு இமையும் சரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காணப்படும் மூக்கு நிமிர்ந்த சிறிய குழிவிரியனுக்கு இந்த நால்விஷ மருந்து பயன்படுவதேயில்லை. செங்கல்பட்டு வயலில் பிடித்த பாம்பின் விஷத்தால் ஆன மருந்து ராஜஸ்தானத்திலும் வடகிழக்கிலும் அதே சக்தியோடு வேலை செய்யாமையால், அங்கே வைத்தியர்கள் குப்பி குப்பியாக ஏற்றவேண்டியிருக்கிறது. அவ்வப் பிரதேசத்து விஷத்தை அவ்வவ்விடத்திலேயே சேகரிக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள். அதற்குக் குதிரையும் சோதனைச் சாலையும் பணம் கொடுத்தால் கிடைக்கும்; ஒரு வளையின் வாசலைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்லி, பிடித்து, விஷமெடுத்து, அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவரக்கூடிய மனிதர்களுக்கு, தோல் வியாபாரம் கொடுத்ததைவிட நல்ல கூலி கொடுக்க அங்கே எந்தச் சங்கம் முன்வரப்போகிறது என்பதுதான் தெரியவேண்டும்.